பிளாட்பாரம்: மேடையா, பாதையா?

எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி "நடைமேடை எண் 4" என்கிறது. அதைக் கேட்ட பாட்டி பக்கத்தில் நிற்பவரிடம், "நாலாவது பிளாட்பாரம்தானே தம்பி?" என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அதே பாட்டி பேரனின் கையைப் பிடித்து, "ரோட்ல எறங்காத, பிளாட்பாரத்துலயே நட" என்கிறார். இடம் இரண்டு, சொல் ஒன்று. ஆங்கிலேயர் சாலையோரத்தைப் பிளாட்பாரம் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'பேவ்மெண்ட்'. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது நம் வழக்கு.

இந்தச் சொல்லின் வேரைப் பார்ப்போம். பழைய பிரெஞ்சில் 'பிளாட்' என்றால் தட்டை, 'ஃபார்ம்' என்றால் வடிவம். தட்டைக்கான அந்தச் சொல் கிரேக்கத்தில் அகலம், தட்டை என்று பொருள்படும் 'பிளாட்டுஸ்' வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள்களில் ஒன்று வரைபடம், அதாவது கட்டடத்துக்கோ நிலத்துக்கோ தாளில் போடும் திட்டம். மேடை என்ற பொருள் நிலைபெற்ற பிறகு, வரைபடம் என்ற பொருள் வழக்கொழிந்தது. திட்டம் வரையும் வேலையோடு ஒருகாலத்தில் சேர்ந்திருந்த சொல் என்பதால் இதை இங்கே சொல்கிறேன்.

தமிழுக்கு வந்ததும் 'ஃபா' பகரமாயிற்று. இறுதி மகரம் மரம், பணம் போல 'அம்' ஈறாகிவிட்டது. அதனால்தான் பிளாட்பாரத்தில், பிளாட்பாரத்துக்கு என்று தடையில்லாமல் வேற்றுமை ஏற்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. ரயிலடி மேடை உயரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: வண்டியின் படிக்கு ஈடாக அது இருந்தாக வேண்டும். அங்கே 'மேடை' என்பது பொருத்தமான சொல். ரயில்வேயின் நடைமேடை என்ற ஆக்கத்தில் எனக்குக் குறையே இல்லை.

குறை சாலையோரத்தில்தான். அங்கே வண்டிப் படி எதுவும் இல்லை. ஆனாலும் அதை மேடை என்று பெயரிட்டுவிட்டதால் மேடையாகவே கட்டுகிறோம். எங்கள் தெருமுனையில் ஒன்று இருக்கிறது, முழங்கால் உயரத்துக்கு. பத்தடிக்கு ஒருமுறை யாரோ ஒருவரின் கார் உள்ளே போக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. மூட்டுவலி உள்ள என் அம்மா ஒருநாள் மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு, நான்காவது முறை சாலையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டார். யாரும் நடக்காத மேடையில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது, பைக் நிற்கிறது. பிறகு, "கட்டிக் கொடுத்தாலும் ஜனங்கள் ரோட்டில்தான் நடக்கிறார்கள்" என்று பழி நடக்கிறவர் மேல் விழுகிறது. இந்தப் பழி நியாயமே இல்லை.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதாவது அரை அடி. தடையில்லாமல் நடக்க விடும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர், ஏறத்தாழ ஆறடி. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடக்கும் அளவு அது. அந்த ஆறடிக்குள் மரமும் வராது, விளக்குக் கம்பமும் வராது. அவற்றுக்குச் சாலையை ஒட்டித் தனிப் பட்டை. கடைக்கு முன்னால் நின்று பார்ப்பவருக்குக் கட்டடத்தை ஒட்டி இன்னொரு பட்டை. பிளாட்பாரம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த மூன்றும் கலந்துவிடுவதால், நடக்கும் பட்டைதான் முதலில் பலியாகிறது.

நம் பேச்சில் இந்தச் சொல்லுக்கு ஒரு வலியும் ஏறியிருக்கிறது. "பிளாட்பாரத்துக்கு வந்துட்டான்" என்றால் எல்லாவற்றையும் இழந்தான் என்று பொருள். வீடற்றவரின் படுக்கையும், காய்கறி விற்கும் அம்மாவின் கூடையும் அங்கேதான் இருக்கின்றன. நடைபாதை வேண்டும் என்று கேட்பது இவர்களை விரட்டச் சொல்வது ஆகாது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். எங்கே கூடை வைப்பது, எங்கே கால் வைப்பது என்று ஒரே மேசையில் உட்கார்ந்து பேச முடியும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களிடம் இதற்கு அழகான வேறொரு சொல் உண்டு: அஞ்சடி. கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டு கூரையாக நிற்க, அதன் கீழே வெயில் மழை படாமல் நடக்கும் தாழ்வாரம் அது. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்டபோது போட்ட கட்டளைதான் இதன் மூலம். ஒவ்வொரு வீட்டின் முன்னும் தாழ்வாரம் விட வேண்டும், அது தெரு நெடுக எப்போதும் திறந்த வழியாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கட்டளை. அகலம் இடத்துக்கு இடம் மாறியது, ஆனாலும் 'ஐந்தடி' என்ற பெயர் நின்றுவிட்டது. மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்கிறார்கள், அதுவும் ஐந்தடிதான். நகராட்சி விதி ஒன்று அப்படியே மக்கள் வாயில் சொல்லாகியிருக்கிறது. 1888 பிப்ரவரியில் அந்தத் தாழ்வாரங்களிலிருந்த கடைச் சாமான்களை நகராட்சி அகற்றப்போய் சிங்கப்பூரில் கலவரமே மூண்டது. நடக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையிலான இழுபறி தியாகராய நகரில் தொடங்கியதில்லை.

சரி, நமக்கு எந்தச் சொல்? நடைபாதை. பாதை வடமொழி வழி வந்தது என்று கருதி நடைவழி என எழுதுவோரும் உண்டு, அதிலும் தவறில்லை. ஆனால் நடைபாதை ஏற்கெனவே மக்கள் நாவில் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது முதற்பாதிதான். நடை என்பது நடக்கும் செயல் மட்டும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து உள்ளே போகும் இடைகழிக்கும் நடை என்றே பெயர். கோயிலில் நடை திறக்கிறார்கள், நடை சாத்துகிறார்கள். ஆக, செயலும் இடமும் தமிழில் ஒரே சொல். ஆறு என்ற சொல்லும் நீர் ஓடுவதையும் ஆள் போகும் வழியையும் குறிக்கும். மதுரைக்காஞ்சி மதுரைத் தெருவை "யாறு கிடந்தன்ன அகல்நெடுந் தெரு" என்கிறது. பத்தடிக்கு ஒருமுறை அறுபடாத ஓட்டம் அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. நடைப்பயணம் என்று ஒற்று மிகுத்து எழுதுகிறவர்களும் நடைபாதை, நடைமேடை என்று மிகாமல் எழுதுவதே வழக்கம். பாதசாரி என்று சாலைப் பலகைகளில் வருபவரை நடந்து செல்வோர் என்றாலே போதும். 'வாக்கபிள்' என்று திட்ட அறிக்கைகளில் வருவதற்கு 'நடைக்கு உகந்த' என்று எழுதலாம், 'காலாற நடக்கத்தக்க' என்றால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுகாதார நிலையம் எல்லாம் காலாற நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் அது குடியிருக்கத் தகுந்த ஊர்.

இதைச் செய்ய வேண்டியது யார் என்பதில் குழப்பம் வேண்டாம். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்கள் உள்ளன. சாலைகள், தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் நகராட்சிகளுக்குரியவையாக அதில் வருகின்றன. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டிபஜார் அகல நடைபாதையில் ஒரு மாலை நடந்து பாருங்கள், பெஞ்சில் முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடைபாதை என்றால் என்ன என்று அகராதி பார்க்காமலே புரியும். ஆனால் அது ஒரு சாலை. நகரத்தில் 200 வார்டுகள் இருக்கின்றன. தடையில்லாத நடைபாதை வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில், வார்டு மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் கூடும்போது மனுவில் "பிளாட்பாரம் போட்டுத் தர வேண்டும்" என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை வரும். இப்படி எழுதுங்கள்: "எங்கள் தெருவில் ஆறடி அகலத்தில், அரை அடிக்கு மேல் உயராமல், கார் வாசல்களிலும் அறுபடாமல், பள்ளிக்கூடம் வரை ஒரே சீராக நடைபாதை வேண்டும்."