எத்தனை வீடு எழும் என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். கட்டட வேலை தொடங்கியது 2024-ல். அதே மதுரையில், புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு 2022 ஜனவரியில் அடிக்கல் போட்டு, 2023 ஜூலையில் திறந்தே விட்டார்கள். அடிக்கல் விழாவை நம்பி கம்பியும் சிமென்ட்டும் வாங்கி அடுக்கிய வியாபாரிக்கு முதலாவதில் கை சுட்டிருக்கும். இரண்டாவதில் சரக்கு போதாமல் போயிருக்கும். அறிவிப்புக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடும் என்று அளப்பதில்தான் கட்டுமானச் சந்தைக் கணிப்பின் பாதி இருக்கிறது.

இதை ஐரோப்பாவில் 1975 முதல் கூட்டாகச் செய்துவருகிறார்கள். யூரோகன்ஸ்ட்ரக்ட் என்று பெயர். 19 நாடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வு நிறுவனம்: ஜெர்மனிக்கு மியூனிக்கில் உள்ள இஃபோ, ஆஸ்திரியாவுக்கு வியன்னாவின் விஃபோ, ஸ்பெயினுக்கு பார்சிலோனாவின் ஐடெக், இப்படி. ஆண்டுக்கு இரண்டு முறை கூடுகிறார்கள். குடியிருப்பு, குடியிருப்பு அல்லாத கட்டடம், சாலை பாலம் போன்ற பொதுப்பணி என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் புதிதாகக் கட்டுவது தனி, பழையதைச் செப்பனிடுவது தனி. எல்லா நாட்டுக்கும் ஒரே அட்டவணை. அவரவர் நாட்டுக் கணக்கை அவரவர் போட வேண்டும், மற்றவர்கள் அதைக் குடைவார்கள். ஆசியாவிலும் 1995-ல் டோக்கியோவில் ஆசியா கன்ஸ்ட்ரக்ட் என்ற மாநாடு தொடங்கியது.

கணிப்பு ஏன் கடினம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு லட்சம் வீடுகள் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பங்கள் ஆண்டுக்கு 2 சதவீதம் பெருகுகின்றன. அதற்கு 2,000 புது வீடு வேண்டும். இடிந்ததற்கு மாற்றாக ஒரு 500. மொத்தம் 2,500. அடுத்த ஆண்டு பெருக்கம் 1 சதவீதமாகிறது. ஊர் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. ஆனால் தேவை இப்போது சுமார் 1,500 வீடுதான். கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங்காரர், செங்கல் சூளை என எல்லாருக்கும் 40 சதவீத வேலை போய்விட்டது. தேவையின் வளர்ச்சி லேசாகத் தளர்ந்தாலே கட்டுமானம் சரிந்து விழும். பொருளாதார அறிஞர் ஜே. எம். கிளார்க் 1917-லேயே இந்தப் பொறிமுறையை விளக்கிவிட்டார்.

இதோடு காலதாமதமும் சேர்ந்துகொள்கிறது. விலை ஏறும்போது எல்லாரும் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். எல்லா வீடும் முடிந்து சாவி கைக்கு வரும்போது வாங்க ஆள் இருப்பதில்லை. ஸ்பெயினில் 2006-ல் 8.6 லட்சம் புது வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். 2013-ல் அது 35 ஆயிரத்துக்கும் கீழே. இப்படிப்பட்ட திருப்பத்தைச் சொல்லவேண்டிய நேரத்தில்தான் கணிப்பாளர்கள் அதிகம் தவறுகிறார்கள். அதனால் புள்ளிக்குப் பின்னால் வரும் தசமங்களை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. எல்லா நாட்டுக்கும் பொதுவான அந்த அட்டவணையைத்தான் மதிக்கிறேன்.

காரணம், நாளைக்கு எவ்வளவு கட்டுவார்கள் என்பதைவிட இன்றைக்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதே பெரிய புதிர். ஒரு நாடு அனுமதியை எண்ணும், இன்னொன்று வேலை தொடங்கியதை எண்ணும், மூன்றாவது முடிந்ததை. மூன்றையும் கூட்டினால் வருவது வெறும் எண். ஐரோப்பாவில் குடியிருப்புக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் பழைய வீட்டைச் செப்பனிடுவதற்கே போகிறது. அதில் பெரும்பகுதிக்கு அனுமதியே தேவைப்படாது, ஆகவே ஏட்டிலும் ஏறாது. யார் எதை எண்ணுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் இந்தக் கூட்டாளிகள் செய்யும் உருப்படியான வேலை.

நம் மதுரைப் பக்கம் பாருங்கள். திருப்பாலை, விளாங்குடி, அவனியாபுரம், எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் மொட்டைமாடியில் பில்லர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். துரு பிடிக்காமலிருக்க சிமென்ட் பால் தடவியிருப்பார்கள். சில வீடுகளில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும், துபாயிலிருந்து தம்பி பணம் அனுப்பியதும் எடுக்கப்போகிற மாடி அது. எந்த அலுவலகத்திலும் அதற்குக் கணக்கில்லை.

இந்தியாவில் தேசிய வருமானம் கணிப்பவர்களும் இதனால்தான் சுற்றுவழியில் போகிறார்கள். வீட்டை எண்ணாமல், சிமென்ட், இரும்பு, செங்கல், மரம் எவ்வளவு புழங்கியது என்று பார்த்து, அதிலிருந்து கட்டுமானத்தின் மதிப்பைப் பின்னோக்கிப் பிடிக்கிறார்கள். நாட்டுக்கு இது போதும். மதுரைக்குப் போதாது. ஒரு மூட்டை சிமென்ட் விருதுநகர்ப் பக்கத்து ஆலையிலிருந்து கிளம்பி எந்த ஊர் மாடியில் ஏறியது என்பதை அது சொல்லாது.

அனுமதிக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதியைக் கொண்டுவந்தது. மக்களுக்கு நல்லது. ஆனால் முன்பு அனுமதி வாங்காமலே கட்டியவர்களும் இப்போது வாங்கினால் எண்ணிக்கை கூடும். கட்டுமானம் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. வெளியூரிலிருந்து அனுமதி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் மதுரையில் வீடு கட்டும் வேகம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று எழுதிவிடுவார். உள்ளூர் ஆளை வைத்தே உள்ளூர்க் கணக்கைப் போடு என்று ஐரோப்பியர்கள் விதி வைத்திருப்பது சும்மா இல்லை.

வட்டி விகிதம் கொஞ்சம் எளிது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியது. 20 ஆண்டுக்கு 30 லட்சம் கடன் வாங்கும் ஒருவருக்கு வட்டி 7-லிருந்து 9.5 ஆனால், மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாயிலிருந்து 27,960-க்குப் போகும். அந்த 4,700 ரூபாயில்தான் பலரின் முதல் மாடி நின்றுபோகிறது. உடனே அல்ல, தோண்டியவர் கட்டி முடிப்பார், தோண்டாதவர் தள்ளிப்போடுவார். ஆகவே பாதிப்பு சில மாதங்கள் கழித்தே சூளைக்கு வந்து சேரும்.

மதுரைக்கென்று ஒரு கணிப்பு வேண்டுமானால், மூலப்பொருள் மின்வாரியத்திலேயே கிடக்கிறது. வீடு கட்டுகிறவர் முதலில் தற்காலிக இணைப்பு வாங்குகிறார்; அதற்கு யூனிட் விலை அதிகம் என்பதால் முடிந்த கையோடு வீட்டு இணைப்புக்கு மாற்ற ஓடுகிறார். முதல் தேதி வேலை தொடங்கியது, இரண்டாவது தேதி முடிந்தது. பகுதிவாரியாக மாதாமாதம் இந்த இரண்டு தேதிகளை எண்ணினாலே தொடக்கம், முடிவு, நடுவிலான தாமதம் மூன்றும் கிடைத்துவிடும். தற்காலிக இணைப்புகள் கூடிக்கொண்டே போய், மாற்றிக்கொள்பவர்கள் குறைந்தால், பாதியில் நிற்கும் வீடுகள் பெருகுகின்றன என்று பொருள். செங்கல் அறுக்கும் முன்பே சூளைக்காரருக்கு அது தெரிந்திருக்கும்.