காற்று இல்லாவிட்டால்தான் இறுகும் பசை

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: "எங்கள் வேன் எஞ்சினில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் (கூலன்ட்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் கூடு) ஒரு பித்தளை நிப்பிள், அதாவது மரை போட்ட சிறு குழாய்த்துண்டு, இருக்கிறது. டெஃப்லான் டேப் சுற்றி நன்றாக முறுக்கியும் கூலன்ட் கசிகிறது. இன்னும் இறுக்கலாமா?"

வேண்டாம், ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மரை என்பது பிடிப்பதற்குத்தான், அடைப்பதற்கு இல்லை. எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் ஒரு மரையின் முகட்டுக்கும் எதிர் மரையின் பள்ளத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். கலங்கரை விளக்கத்துச் சுழல்படி மாதிரி அந்த இடைவெளி உள்ளிருந்து வெளியே ஒரே வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் மூடி உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கி வைக்கும். கூலன்ட்டுக்கு அந்த வழி போதும்.

இத்தகைய நிப்பிள்கள் பெரும்பாலும் கூம்பு மரை கொண்டவை. நீளத்தில் 16 பங்குக்கு விட்டத்தில் ஒரு பங்கு பருக்கும். அதனால் இறுக்க இறுக்க ஆப்பு போல இறங்கும். டேப்போ வழவழப்பானது, எவ்வளவு முறுக்குகிறோம் என்பதைக் கைக்குத் தெரியவிடாது. இன்னும் கால் சுற்று என்று போனால் அலுமினியத்தில் வார்த்த ஹவுசிங் விரிசல் விடும். அத்தோடு, சூட்டில் அலுமினியம் பித்தளையைவிடக் கொஞ்சம் அதிகமாக விரியும். ஒருமுறை நசுங்கிய டேப் திரும்ப எழும்பி அந்த இடைவெளியை நிரப்பாது.

சரி, வேறு என்ன வழி? எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இங்கேதான் இருக்கிறது. காற்றில்லாமல் இறுகும் மரைப்பசை என்று ஒன்று உண்டு. டியூபில் அது திரவமாகவே கிடக்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு வையுங்கள், மறுநாளும் ஈரமாகவே இருக்கும். அதே சொட்டு இரண்டு உலோக மரைகளுக்கு நடுவே மாட்டினால் கெட்டியாகிவிடும்.

பசையில் இருப்பது மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள். கூடவே சிறிதளவு பெராக்சைடு. மரையின் பரப்பிலிருக்கும் செம்பு, இரும்பு அயனிகள் பெராக்சைடை உடைக்க, தனி உறுப்புகள், அதாவது எதையாவது பிடித்துக்கொள்ளத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகள், பிறக்கும். ஒரு தனி உறுப்பு ஒரு மூலக்கூறைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், சங்கிலி நீண்டு பலபடி (பாலிமர்) ஆகும். ஆனால் ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தால் அதுவே முந்திக்கொண்டு தனி உறுப்போடு சேர்ந்துவிடும். அந்தச் சேர்க்கைக்குச் சங்கிலியை நீட்டும் சுறுசுறுப்பு கிடையாது. ஆக, டியூபில் இந்தப் பசையைத் திரவமாக வைத்திருப்பது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மரைக்குள் காற்று நுழைய வழியில்லை. இருந்த சொற்ப ஆக்சிஜன் தீர்ந்ததும் சங்கிலி ஓட ஆரம்பிக்கிறது.

நிப்பிளை மாட்டியபின் விளிம்பைப் பாருங்கள். வெளியே பிதுங்கிய பசை ஈரமாகவே நிற்கும், துணியால் துடைத்தால் வந்துவிடும். அதற்கு ஓரிரு மரை உள்ளே அதே பசை கல்லாகியிருக்கும். ஆக்சிஜன் எட்டும் எல்லை அதுதான்!

1940களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இப்படி ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தபோது, அது இறுகாமலிருக்க ஓயாமல் காற்றைக் குமிழியிட வேண்டியிருந்தது. 1953இல் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் அதைக் குப்பியில் நிலைக்கும்படி செய்தார். குப்பி காற்றை ஊடுருவ விடும் பாலிஎத்திலீன். அதை முழுக்க நிரப்பவும் மாட்டார்கள். இன்றும் புது டியூபைத் திறந்தால் மேலே காலியிடம் இருக்கும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காற்றுதான் மருந்து.

பித்தளையில் செம்பு இருப்பதால் உங்கள் நிப்பிளில் இது நன்றாக வேலை செய்யும். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் மட்டும் சந்திக்கும் இடத்தில் மெதுவாகத்தான் இறுகும். அதற்கென்று விற்கும் ஊக்கியை முதலில் தடவ வேண்டும். பிளாஸ்டிக் ஹவுசிங்கில் போடவே கூடாது, சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விட்டுவிடும். நேர் மரையும் செம்பு வாஷரும் உள்ள இடத்தில் அடைப்பு வாஷரின் முகத்தில்தான். அங்கே வாஷரை மாற்றுங்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு தொல்லை, உப்பு. ரேடியேட்டரில் உவர்ப்பான போர் தண்ணீரை ஊற்றுகிறோம், குளோரைடு அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கிறது. உப்புக்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று பார்க்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் விட்டு வைக்கிறது. விடை வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலை இது. இரண்டு மூன்று ஆண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கி முடிவைக் கேட்கும் முறை இதற்குப் பொருந்தவே பொருந்தாது. படகும் வேனும் வைத்துப் பிழைக்கும் நமக்கு இந்த ஆய்வுக்கு நீண்டகால நிதி வேண்டும் என்று கேட்கும் உரிமை இருக்கிறது.

இப்போது வேலைக்கு வாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும், சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். நிப்பிளைக் கழற்றி, பழைய டேப் துணுக்குகளையும் வெள்ளைப் பொருக்கையும் கம்பி பிரஷ்ஷால் எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து உலர்த்துங்கள். முதல் மரையை விட்டுவிட்டு, அடுத்த மூன்று நான்கு மரைகளில் சுற்றிலும் பசை தடவி, அளவாக இறுக்குங்கள். டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் ஒரு நாள், விட்டுவிடுங்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட்டை ஊற்றுங்கள். அதன் பிறகும் கசிந்தால் ஹவுசிங்கில் விரிசல் தேடுங்கள். இந்தப் பசை அதை மூடாது.