ஒப்பந்தமில்லா வெளியேற்றம்: 24-ஆவது விதியை நம்பியிருக்கும் வணிகர்களுக்கு

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்குக் குறித்திருக்கும் அக்டோபர் 31-க்கு ஒரு மாதமே எஞ்சியிருக்கிறது. இந்த 2019 செப்டம்பர் இறுதியிலும், சுங்க அனுமதி முகவராகிய என்னிடம் வரும் சிறு வணிகர்களில் பலர், ஒப்பந்தம் ஏற்படாவிட்டாலும் பத்து ஆண்டுகளுக்கு வரியில்லா வணிகம் தொடரும் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிரான்ஸுக்கு உறைந்த இறைச்சி உணவுகளை அனுப்பும் ஒருவர், ஒரு தாளைக்கூட ஆயத்தம் செய்யாமல், உலக வர்த்தக விதிகளுக்கு அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் 24-ஆவது விதி தம்மைக் காக்கும் என்று இந்த வாரம் என்னிடம் உறுதியாகச் சொன்னார். இந்தக் கூற்றைத் தொலைக்காட்சி விவாதங்களில் பரப்பும் அரசியல்வாதிகள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. டோவர் துறைமுகத்தில் சரக்கு தேங்கினால், இழப்பு அவர்களுக்கு அன்று, இவருக்குத்தான்.

இரு தரப்பினர் சுங்க ஒன்றியத்தையோ தடையற்ற வணிகப் பகுதியையோ அமைக்க உடன்பட்டு, அதற்கான திட்டத்தையும் கால அட்டவணையையும் வகுத்து, இடைக்கால ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டால், அது முழுமை பெறும்வரை தங்களுக்குள் மட்டும் வரிச்சலுகை அளித்துக்கொள்ளலாம் என்பதே அந்த விதி. அந்தக் காலம் பொதுவாகப் பத்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மேடைகளில் பேசுகிறவர்கள் பத்து ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறும் நாடு, ஒப்பந்தம் செய்தவர்களுக்கு உரிய விதிவிலக்கைக் கோர முடியாது. லண்டன் விரும்பினால் மட்டும் போதாது, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸும் கையெழுத்திட வேண்டும். ஒன்றியம் நல்லெண்ணத்தோடு நமக்கு மட்டும் வரியை நீக்க நினைத்தாலும், அத்தகைய உடன்பாடு இல்லாதபோது ஓர் உறுப்பு நாட்டுக்குக் காட்டும் சலுகையை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் காட்ட வேண்டும் என்ற உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை நெறி குறுக்கே நிற்கும். எனவே அமெரிக்கக் கார்களுக்கு ஒன்றியம் விதிக்கும் அதே 10 விழுக்காடு பிரிட்டிஷ் கார்களுக்கும் விழும். இங்கிலாந்து வங்கி ஆளுநர் மார்க் கார்னி மட்டுமல்லர், விலகலை ஆதரித்தவரும் அப்போதைய வர்த்தக அமைச்சருமான லியாம் ஃபாக்ஸும் கோடையிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டார்.

இறக்குமதி மதிப்பில் 87 விழுக்காட்டுக்கு வரியில்லை என்று அரசு மார்ச்சில் அறிவித்த தற்காலிகப் பட்டியலைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது உள்ளே வரும் சரக்குக்கு மட்டுமே உரியது. வெளியே போகும் சரக்குக்குப் பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் ஒன்றியத்தின் முழு வரியும் உண்டு.

ஒப்பந்தமில்லா வெளியேற்றத்தை நாடாளுமன்றம்தான் நிராகரித்துவிட்டதே என்பாரும் உளர். மார்ச் 27 அன்று 160 பேர் ஆதரிக்க 400 பேர் எதிர்த்தார்கள் என்பதும், செப்டம்பர் 9 அன்று சட்டமான பென் சட்டம் கால நீட்டிப்புக் கோருமாறு பிரதமரைப் பணிக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் நீட்டிப்புக்கு மற்ற 27 நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். அவை இசையாமல், ஒப்பந்தமும் நிறைவேறாமல், விலகல் அறிவிப்பும் திரும்பப் பெறப்படாமல் போனால், ஒப்பந்தமில்லா வெளியேற்றம் சட்டப்படி தானாகவே நடந்துவிடும். ஒப்பந்தமில்லா வெளியேற்றத்தின் விளைவுகள் குறித்து அரசு ஆயத்தம் செய்த யெல்லோஹாமர் ஆவணம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்: முதல் நாளில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் லாரிகளில் 50 முதல் 85 விழுக்காடு வரை பிரெஞ்சுச் சுங்கத்துக்கு ஆயத்தமாக இல்லாமல் போகலாம், காத்திருப்பு இரண்டரை நாள் வரை நீளலாம் என்று அரசே கணித்திருக்கிறது.

நீங்கள் விலகலை ஆதரிப்பவராக இருந்தாலும் எதிர்ப்பவராக இருந்தாலும் ஆவணங்கள் ஒன்றே. சுங்கத்துறை வணிகர்களை அடையாளம் காணும் இயோரி எண் இல்லாமல் சுங்க அறிவிப்பே தாக்கல் செய்ய முடியாது. வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவுள்ள 88,000 நிறுவனங்களுக்கு அதைத் தாமாகவே வழங்குவதாக ஆகஸ்டில் அறிவித்தார்கள், பதிவில்லாதவர்கள் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அந்த எண் வந்தவுடன் வேலை முடிந்தது என்று கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய சரக்குக் குறியீட்டைக் கண்டறியுங்கள். தவறான குறியீடு தவறான வரியில் கொண்டுபோய் விடும். மறுகரையில் இறக்குமதியாளர் யார், வரி கட்டுவது யார் என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் பெறுங்கள். சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளான பேலட்டுகளில் வெப்பப் பதப்படுத்தலுக்கான முத்திரை உள்ளதா என்று பாருங்கள். எங்கள் தொழிலுக்கு வெளியே இதை நினைப்பவர் மிகக் குறைவு, ஆனால் முத்திரையில்லாப் பேலட்டுக்காக உள்ளிருக்கும் நல்ல சரக்கும் திருப்பி அனுப்பப்படலாம். இறைச்சி, மீன், பால் கலந்த பொருள்களை அனுப்புவோரைத் தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்: ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழில் அதிகாரபூர்வ விலங்கு மருத்துவர் கையொப்பமிட வேண்டியிருக்கும், அந்தத் தகுதி பெற்றவர்கள் சிலரே, ஆகவே அவரிடம் இன்றே நாள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.