கேம் ஒளிச்சேர்க்கை: பெயர், பொருள், தமிழ்ச் சொல்

மேல்நிலைப் பள்ளித் தாவரவியலில் ஒளிச்சேர்க்கையின் சி3, சி4 வழிகளை (முதல் விளைபொருளில் முறையே மூன்று, நான்கு கார்பன் அணுக்கள் உள்ளவை) அடுத்து ‘கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம்’ என்றொரு நீண்ட பெயர் வரும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைக் ‘கேம்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். பாலை, பாறை இடுக்கு, மரக்கிளை போன்ற இடங்களில் நீர் நிலையாகக் கிடைக்காது. அங்கே வாழும் பல செடிகள் இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கி, அதை அமிலமாக்கிச் சேமிக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்துச் சர்க்கரை செய்கின்றன. இந்த முறைக்குத்தான் அந்தப் பெயர்.

‘கிராசஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் தடித்தது என்று பொருள். அதிலிருந்து ‘கிராசுலா’ என்ற பேரினப் பெயரும், அதிலிருந்து ‘கிராசுலேசி’ என்ற குடும்பப் பெயரும் வந்தன. நம் ஊரில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று அழைக்கப்படும் ரணகள்ளி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

பெயரில் ‘அமிலம்’ நுழைந்ததற்கும் ரணகள்ளியே காரணம். தரங்கம்பாடி மொரேவிய மிஷனில் இருந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன் இதன் இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். விடியலில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. இதை லண்டனில் தாவரவியலாளர் லாம்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். 1813இல் லின்னேயன் என்ற இயற்கையியல் சங்கத்தில் படிக்கப்பட்ட அந்தக் கடிதம் பிறகு அச்சேறியது. அதற்கு முன்பே, 1804இல், சப்பாத்திக்கள்ளி இருட்டில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதை ஜெனீவா அறிவியலாளர் தெ சொசூர் பதிவு செய்திருந்தார். இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முனைகள் என்பது தெளிவாகவும், இன்றைய பெயர் நிலைபெறவும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிற்று.

இனி, இலைக்குள் நடப்பது. இருட்டியதும் மாவுச்சத்து உடைந்து ‘பெப்’ எனப்படும் பாஸ்போஈனால் பைருவேட் உருவாகிறது. திறந்த துளை வழியே வரும் கார்பன் டை ஆக்சைடு பைகார்பனேட்டாக மாறி, பெப் கார்பாக்சிலேஸ் நொதியால் பெப்புடன் சேர்ந்து ஆக்சலோ அசிட்டிக் அமிலமாகிறது. அது மாலிக் அமிலமாக மாறி, செல்லின் நீர்ப்பையான வாக்குவோலுக்குள் ஏற்றப்படுகிறது. விடியும்போது அங்கே புளிப்பு உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறியதும் இலைத்துளைகள் மூடிவிடும். அமிலம் வெளியே வந்து உடையும். அதிலிருந்து விடுபடும் கார்பன் டை ஆக்சைடு தப்பிச் செல்ல வழியின்றி உள்ளேயே செறியும். ரூபிஸ்கோ என்ற நொதி அதைச் சர்க்கரை செய்யும் கால்வின் சுழற்சிக்குள் சேர்க்கும். செறிவு கூடுவதால் ரூபிஸ்கோ தவறுதலாக ஆக்சிஜனைப் பற்றுவது குறைகிறது, அதாவது ஒளிச்சுவாசம் அடங்குகிறது. வெப்பம் ஏற ஏற சி3 செடிகளுக்குப் பெரும் இழப்பாக வளர்வது இந்த ஒளிச்சுவாசம்தான்.

பெப் கார்பாக்சிலேஸ் பகலிலும் முழு வேகத்தில் இயங்கினால் விடுபட்ட வாயுவை மறுபடி அமிலமாக்கிக்கொண்டே இருக்கும், வேலை வீணாகும். இதைத் தடுக்கும் ஏற்பாடு அந்த நொதியிலேயே இருக்கிறது. இரவில் அதன்மேல் ஒரு பாஸ்பேட் தொகுதி ஒட்டிக்கொள்வதால், மாலிக் அமிலம் சேர்ந்தாலும் அது ஓயாமல் இயங்கும். பகலில் அந்தத் தொகுதி நீங்கிவிடும். அப்போது மாலிக் அமிலமே அதை அடக்கிவிடும்.

சி4 செடிகளும் இதே நொதியைக் கொண்டுதான் தொடங்குகின்றன. சோளத்திலும் கரும்பிலும் முதல் பிடிப்பு இலையிடைத் திசுச் செல்லிலும், சர்க்கரை செய்வது இலை நரம்பைச் சூழ்ந்த கற்றை உறைச் செல்லிலும் ஒரே பகலில் நடக்கின்றன. அங்கே பிரிவு இடத்தால். கேம் முறையில் பிரிவு நேரத்தால், இரண்டும் ஒரே செல்லில். நீர்க்கணக்கில் இதன் பலன் தெரியும். 1 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பெற சி3 செடி சுமார் 400 முதல் 500 கிராம் நீரையும், சி4 செடி 250 முதல் 300 கிராமையும், கேம் செடி 50 முதல் 100 கிராமையும் இழக்கிறது. இரவுக் காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருப்பதால் திறந்த துளை வழியே ஆவியாகும் நீர் குறைவு.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பாடநூல் பெயர் பிழையல்ல. பன்னாட்டுப் பெயரின் நேர் வடிவம் அது. இலங்கையில் வளர்சிதை மாற்றம் அனுசேபம் என்றும், இலைத்துளை இலைவாய் என்றும், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு என்றும் வழங்குகின்றன. ஆனால் குடும்பப் பெயரை முன்னால் வைப்பது மாணவரைத் திசைதிருப்புகிறது. கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, மருள், பிரண்டைத் தண்டு, பல ஆர்க்கிடுகள் என இம்முறையைக் கையாள்பவை எத்தனையோ குடும்பங்களில் இருக்கின்றன. ‘இரவு ஒளிச்சேர்க்கை’ என்று சிலர் எழுதுவது இதைவிட மோசம். ஒளியைப் பிடித்து ஆற்றலாக்கும் ஒளிவினை இரவில் நடப்பதே இல்லை. ‘இருள்வினை’யும் இங்கே குழப்பும். கால்வின் சுழற்சிக்கு வழங்கும் பெயர் அது; கேம் செடியிலோ கால்வின் சுழற்சி வெயிலில்தான் நடக்கிறது. ‘இரவமில வழி’ என்பதே என் பரிந்துரை. எப்போது, எந்தப் பொருள் என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது, சி3 வழி, சி4 வழி என்ற வரிசையிலும் பொருந்துகிறது. முதல் முறை எழுதும்போது பாடநூல் பெயரையும் கூடவே தர வேண்டும்.

பெயர்க் குழப்பத்தால் பரவிய ஒரு தவறு உண்டு. கற்றாழையும் பாம்புச்செடி எனப்படும் மருளும் ‘இரவிலும் ஆக்சிஜன் தரும்’ என்று சொல்லிப் படுக்கையறைக்கு விற்கிறார்கள். ஒளியில் நீர் பிளக்கும்போதுதான் ஆக்சிஜன் பிறக்கும். இரவில் இச்செடிகள் கார்பன் டை ஆக்சைடை வாங்குவது உண்மை, ஆக்சிஜன் வெளியிடுவதில்லை. மற்ற செடிகளைப் போலச் சுவாசிக்க ஆக்சிஜனைச் செலவழிக்கவே செய்கின்றன.

அமில ஏற்ற இறக்கத்தைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். ஹெய்னைப் போல மெல்ல வேண்டாம், ரணகள்ளியில் கால்நடைகளுக்கு நஞ்சாகும் பொருள்கள் உள்ளன. அதன் இலைகள் எதிரெதிராக இணையாக வளர்வதால், ஒரே இணையில் ஓர் இலையை மாலையிலும் மற்றதை மறுநாள் விடியுமுன்னும் பறித்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 2 கிராம் எடைபோட்டு, நறுக்கி, உடனே 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிப்பதால் நொதிகள் செயலிழக்கும், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். அது தங்கிவிட்டால் காரத்தைத் தின்று அளவை உயர்த்திக் காட்டும். ஆறியபின் அரைத்து வடிகட்டி, நிறங்காட்டியான பினாப்தலீன் 3 சொட்டு விட்டு, 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து சேருங்கள். வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் முடிவுநிலை. மாலிக் அமிலத்துக்கு இரண்டு அமிலத் தொகுதிகள் என்பதால், இரண்டு இலைகளுக்கும் செலவான அளவின் வேறுபாட்டில் 1 மில்லிக்கு 5 மைக்ரோமோல் மாலிக் அமிலம் என்று கொள்ளலாம்.

வேறுபாடு தெரியாவிட்டால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: விடியற்காலை இலையை வெயிலில் வைத்துவிட்டது, நுனியிலுள்ள இளம் இலையைப் பறித்தது, இரவு வெக்கையாக இருந்தது. ரணகள்ளியின் இளம் இலைகளில் இம்முறை முழுதாக வளர்ந்திருக்காது. வெக்கையான இரவில் வாக்குவோலிலிருந்து அமிலம் கசியும், சுவாசமும் கூடும். அதனால் சேமிப்பு குறையும். சாறு பச்சையாக இருந்து நிறமாற்றம் புலப்படாவிட்டால் மேலும் நீர் சேர்த்துக்கொள்ளலாம், முடிவு மாறாது.

எல்லாச் செடிகளும் எப்போதும் இவ்வழியிலேயே இருப்பதில்லை. பருப்புக்கீரை நீர் கிடைக்கும்போது சி4 செடி, காய்ந்தால் இரவமிலமும் சேர்க்கும். வறட்சி கடுமையானால் சப்பாத்திக்கள்ளி போன்றவை இரவிலும் துளையைத் திறப்பதில்லை. தம் சுவாசத்தில் வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடையே இரவில் அமிலமாக்கி, பகலில் திரும்பப் பயன்படுத்தும். வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் ஒளிச்சேர்க்கை இயந்திரம் சேதமடையாமல் இருக்கும். இந்நிலையை ‘மூடிய சுழற்சி’ எனலாம். வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை வெகுநாள் வாடாமல் இருப்பதில் தடித்த மேல்தோலுக்கும் சேமித்த நீருக்கும் உரிய பங்கு பெரிது. பகலெல்லாம் மூடியே கிடக்கும் இலைத்துளைகளுக்கும் அதில் பங்குண்டு.