எரிமலைச் சாம்பல்: சாம்பலா, நீறா?

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. அது கக்கியது செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக மறுநாள் இரவே டெல்லி வானத்துக்கு வந்துவிட்டது. சில விமானங்களை ரத்து செய்தார்கள். அந்த வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த டிப்பர் லாரி ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: "ஏண்ணா, சாம்பல் ஊதினா பறந்துடும். அதுக்குப் போயி பிளேனை நிறுத்துவாங்களா?"

நியாயமான கேள்விதான். சாம்பல் என்ற சொல்லே அப்படிக் கேட்க வைக்கிறது.

சாம்புதல் என்றால் வாடுதல், ஒளி மங்குதல். விறகு எரிந்து மங்கி மிஞ்சுவது சாம்பல். அடுப்பிலிருந்து அள்ளினால் பஞ்சு போல இருக்கும். பாத்திரம் துலக்கலாம், செடிக்குப் போடலாம். எரிமலையிலிருந்து வருவது அப்படி எரிந்து மிஞ்சியது இல்லை. உருகிய பாறைக்குழம்புக்குள் அடைபட்டிருக்கும் வாயு, மேலே வர வர அழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் பொங்கி வெடிக்கிறது. குழம்பு சிதறி, சட்டென்று உறைந்து, கண்ணாடிச் சில்லும் கல் தூளுமாகிறது. அதில் 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை ஆங்கிலத்தில் 'ஆஷ்' என்கிறார்கள். நாமும் அதை அப்படியே சாம்பல் ஆக்கிக்கொண்டோம்.

அவருடைய லாரியின் பின்கதவு இடுக்கில் கருங்கல்லை உடைக்கும்போது வரும் கிரஷர் பவுடர் ஒட்டியிருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். நறநறவென்றது. "இது முன் கண்ணாடியில படிஞ்சிருக்கும்போது வைப்பர் போட்டா என்ன ஆகும்?" என்றேன். "கண்ணாடி போயிரும்ணா, கோடு கோடா விழுந்துடும்." அவ்வளவுதான் விஷயம். கருங்கல் குவாரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் எரிமலைத் தூளைப் புரியவைக்க இதைவிட நெருக்கமான பொருள் கிடைக்காது.

1982 ஜூன் 24 இரவு, ஜாவா தீவின் கலுங்குங் எரிமலை கக்கிய தூளுக்குள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று புகுந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. இந்தக் கண்ணாடித் தூள் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகும்; ஜெட் எஞ்சினின் உள்சூடு அதைவிட அதிகம். உள்ளே போன தூள் உருகி, டர்பைன் பகுதியில் ஒட்டி உறைந்து, காற்றுப் பாதையை அடைத்துவிட்டது. 37,000 அடியிலிருந்து விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கியது. தூளை விட்டு வெளியே வந்ததும், ஆறிப்போன கண்ணாடி உடைந்து உதிர, எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றன. ஜகார்த்தாவில் தரையிறங்கும்போது முன் கண்ணாடி முழுக்கத் தேய்ந்து வெளியே சரியாகத் தெரியவில்லை. லாரிக்காரர் சொன்ன அதே கோடுகள்!

'சாம்பல் மேகம்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. மேகம் என்றால் நீர். விமானத்தின் வானிலை ரேடார் தேடுவதும் நீர்த்துளியைத்தான். உலர்ந்த தூள் அதன் கண்ணில் படாது. அதனால்தான் உலகம் முழுக்க 9 மையங்கள் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணித்து விமானங்களை எச்சரிக்கின்றன. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையால் ஏறத்தாழ 1 லட்சம் விமானப் பயணங்கள் ரத்தானதும் இந்த அச்சத்தில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'எரிமலைத் துகள்' தவறில்லை. நான் நீறு என்பேன். நீறு என்றாலும் சாம்பல்தான்; ஆனால் அதற்குப் பொடி, புழுதி என்றும் பொருள் உண்டு. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் தெளித்தால் அது பொடிந்து 'நீறும்'. கல் தூளாவதற்கு நம்மிடம் வினைச்சொல்லே இருக்கிறது. திருநீறு பூசும் வீட்டில் இதற்கு அகராதி தேவையில்லை. மேகத்துக்குப் படலம். ஆக, எரிமலை நீற்றுப்படலம்.

எரிமலை வெடித்தபின் வானம் சிவப்பதை மட்டும் நீற்றின் கணக்கில் முழுக்க எழுதக் கூடாது. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபின் உலகெங்கும் அந்தி மாதக்கணக்கில் செக்கச்செவேல் என்றிருந்தது. நீறு சீக்கிரம் கீழே படிந்துவிடும். கூடவே மேலேறிய கந்தக வாயு நுண்துளிகளாகி உயரத்தில் தங்கியதே அதற்குப் பெரிய காரணம்.

'எரிமலை' எனக்கு மிகவும் பிடித்த சொல். வினைத்தொகை: எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை. ஹெய்லி குப்பி இதற்கு முன் வரலாற்றுக் காலத்தில் வெடித்ததாகப் பதிவே இல்லை. அவ்வளவு காலமும் அது நீறுபூத்த நெருப்பாகக் கிடந்திருக்கிறது.