போகாத கூண்டு போய்விட்டதாகக் காட்டினால்

நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் காரில் ஒட்டிய ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அடையாளம் காணும்) ஸ்டிக்கரைப் படித்துத் தடைக்கம்பு உயர்வதை அன்றாடம் பார்க்கிற நமக்கு, அதே மாதிரி ஒரு டேக்கை, பொதிகளைத் தள்ளிச் செல்லும் சக்கரம் வைத்த அஞ்சல் கூண்டு வண்டிகளிலும் ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சாவடிக்குள் ஒரு நேரத்தில் ஒரே கார், ஒரே திசையில் வருகிறது. கிடங்கின் வாசலிலோ இருபது இரும்புக் கூண்டுகள் முட்டிமோதி நிற்கும். சில உள்ளே வரும், சில வெளியே போகும், சில வெறுமனே ஓரமாகக் கிடக்கும்.

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பகுதியில் கூரியர் கிடங்குகளுக்கு இந்த டேக்குகளைச் சோதித்துத் தருவது என் வேலை. ஒரு கிடங்கில் சோதனையின் மூன்றாம் நாள், சரக்கு ஏற்றுமிடத்து மேற்பார்வையாளர் வந்து, "அண்ணே, லாரி இன்னும் வாசல்லயே நிக்குது. பதினோரு கூண்டு பட்டர்வொர்த்துக்குப் போயிருச்சுன்னு காட்டுதே!" என்றார். நடந்தது இதுதான்: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் காலிக் கூண்டுகளை, டேக்குகளைப் படிக்கும் கருவியான ரீடரின் ஆன்டெனாவுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார், லாரியின் அலுமினியப் பக்கத்தில் பட்டுத் திரும்பிய அலை அந்தக் கூண்டுகளின் டேக்குகளையும் எழுப்பிவிட்டது. ஒரு டேக் படிக்கப்படாமல் போனால் யாராவது தேடுவார்கள்; போகாத ஒன்று போய்விட்டதாகப் பதிவானால் யாரும் தேட மாட்டார்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. விற்பவர்களோ முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

இவ்வகை டேக்கில் மின்கலம் கிடையாது. ரீடர் அனுப்பும் அலையின் ஆற்றலையே வாங்கி, அதையே மாற்றித் திருப்பி அனுப்பிப் பதில் சொல்கிறது. மலேசியாவில் இதற்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 33 செ.மீ. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசை என்பதால், அங்கே அமைத்த ரீடரை இணையத்தில் மலிவாகக் கண்டு வாங்கிவிடக் கூடாது.

சாதாரணக் காகித டேக்கை இரும்பின் மேல் அப்படியே ஒட்டினால் அது ஊமையாகிவிடும். உலோகத்துக்கென்றே இடைவெளிப் பொருள் வைத்துச் செய்த டேக் வேண்டும். அதுவும் போதாது. காலிக் கூண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைக்கும்போது ஒன்றின் டேக் தகட்டை அடுத்ததன் சட்டம் மூடிக்கொள்கிறது. தனியாக நிறுத்திச் சோதித்தபோது தவறாமல் பதில் சொன்ன கூண்டு, செருகிய வரிசையில் வாயே திறக்காது. மழையில் நனைந்த துணிப்பைகளைச் சுமந்து வரும் கூண்டும் அப்படித்தான், ஏனெனில் தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். ஆகவே குளிரூட்டிய அறையில் மேசைமேல் செய்து காட்டும் சோதனையை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நான் பார்ப்பது, படித்ததா இல்லையா என்பதை மட்டுமல்ல, எவ்வளவு சக்தியை மிச்சம் வைத்துப் படித்தது என்பதையும். ரீடரின் சக்தியை 3 டெசிபெல் குறைத்தால் அது பாதியாகிவிடும். அப்போதும் நனைந்த கூண்டு, செருகிய கூண்டு, டேக் மறுபக்கம் திரும்பிய கூண்டு ஆகிய மூன்றும் படிக்கப்பட்டால் எனக்கு நம்பிக்கை வரும். அதற்குப் பிறகு எதிர்ச் சோதனை: வாசலைக் கடக்காத கூண்டுகளை ஒவ்வொரு மீட்டராக அருகே தள்ளி, எந்தத் தூரத்தில் அவை தவறாகப் பதிவாகின்றன என்று குறித்துக்கொள்வேன். சோதனையின் இந்த இரண்டாம் பாதியை நேரமில்லை என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்களே அதிகம்.

அந்தக் கிடங்கில் சக்தியைக் குறைத்தோம். வாசலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஆன்டெனாக்களை வைத்து, உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் படித்தால் மட்டுமே போனதாகக் கணக்கு என்று மாற்றினோம். எதுவும் கடக்காதபோது ரீடர் உறங்கும்படி ஒளி உணரியையும் சேர்த்தோம். இதைத் தாண்டிக் கூண்டை நிறுத்தக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டதுதான் எல்லாவற்றிலும் மலிவான திருத்தம், பலனும் அதில்தான் கூடுதல்.

இன்னொன்றையும் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டும்: இது ஜிபிஎஸ் அல்ல. காணாமல் போன ஒரு கூண்டை, புக்கிட் மெர்தாஜாம் சந்தைக்குப் பின்னால், தேங்காய் நிரப்பிய நிலையில் தற்செயலாகப் பார்த்தேன். டேக் கீறலின்றி இருந்தது. கையிலிருந்த ரீடருக்கு உடனே பதிலும் சொன்னது. பதிவில் இருந்ததோ, ஏழு மாதங்களுக்கு முன் அது கடைசியாகக் கடந்த வாசலின் எண் மட்டும்தான்.