இரண்டு மடங்கு கலவை, நான்கு மடங்கு நேரம்

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு நிறைய விருந்தாளிகள், பிள்ளைகளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் காலையில் தோசை சுட்டு மாளாது என்று, பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி சொல்லிக்கொடுத்த பிரேக்ஃபாஸ்ட் கேஸரோலில் இறங்கியிருக்கிறார். குறிப்பில் இருந்தது பன்னிரண்டு பேருக்கான அளவு. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, கைக்குக் கிடைத்த ஆழமான பாத்திரம் ஒன்றில் மொத்தமாக ஊற்றி, குறிப்பில் 50 நிமிடம் என்றிருந்ததை 100 நிமிடமாக்கி ஓவனில் வைத்துவிட்டார். "ஓரமெல்லாம் ரப்பர். மூலையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. நடுவில் கரண்டியை விட்டால் பச்சை முட்டை. இரண்டு மடங்கு கலவைக்கு இரண்டு மடங்கு நேரம், கணக்கு சரிதானே சார்?"

கணக்கில்தான் கோளாறு. அதற்கு முன், கேஸரோல் என்றதும் சப்பாத்தி சூடாக இருக்கப் போட்டு வைக்கும் ஹாட்பாக்ஸை நினைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது அதுவல்ல. பிரெஞ்சில் பாத்திரத்தைக் குறிக்கும் சொல் அமெரிக்காவில் அதில் வேகும் பண்டத்துக்கே பெயராகிவிட்டது. முந்தின நாள் ரொட்டியைத் துண்டுகளாக்கி, வதக்கிய சாஸேஜ், வெங்காயம், துருவிய செடார் சீஸ் எல்லாம் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டையைப் பாலோடு அடித்து மேலே ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிடுவார்கள். காலையில் எழுந்ததும் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், நம் கணக்கில் சுமார் 175 டிகிரி செல்சியஸில், ஓவனுக்குள் தள்ளிவிட்டு, குளித்துவிட்டு வந்தால் சாப்பாடு தயார். வழக்கமான பாத்திரம் 13 அங்குல நீளம், 9 அங்குல அகலம். ஆழம் 2 அங்குலம்தான். இந்த 2 அங்குலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை இறுகுவது பள்ளியில் படித்ததுதான். புரதங்கள் நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கும், சூடு ஏறினால் கண்டு பிரியும், பிரிந்த நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி வலையாகும், வலைக்கண்களில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். தனி முட்டை என்றால் 62 டிகிரியிலேயே வெள்ளைக்கரு கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். பால் சேர்த்தால் நூல்கள் தள்ளித் தள்ளி மிதப்பதால் ஒன்றையொன்று பிடிக்கக் கூடுதல் சூடு வேண்டும், கிட்டத்தட்ட 80 டிகிரி. சரி, 90க்கு மேல் போனால்? வலை இன்னும் இறுகிச் சுருங்கும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வரும். வாசகியின் பாத்திர மூலையில் தேங்கியது அந்தத் தண்ணீர்தான்.

ஆக, நமக்குக் கிடைத்திருப்பது பத்து டிகிரி சந்து. நடு 80ஐத் தொடும்போது ஓரம் 90ஐத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கக்கூடாது. இதில் கலவை எத்தனை கிலோ என்பதைவிட எவ்வளவு தடிமன் என்பதுதான் பெரிய விஷயம்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஓவனுக்குள் சூடு எப்படி நடுப்பகுதிக்குப் போய்ச் சேருகிறது? பானையில் தண்ணீர் கொதிக்கும்போது சூடான தண்ணீர் மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கித் தானே கலந்துகொள்ளும். முட்டையில் ஊறிய ரொட்டி அப்படி அசைய முடியாது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் துடிப்பைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுக்க வேண்டும். அது அடுத்ததற்குக் கொடுக்கும், சில சமயம் வந்த வழியே திருப்பியும் கொடுக்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எதற்கும் தெரியாது.

ஒரு மைதானத்தின் நடுவில் ஒருவரைக் கண்ணைக் கட்டி நிறுத்துங்கள். நாணயத்தைச் சுண்டிப் பூ விழுந்தால் இடப்பக்கம் ஓரடி, தலை விழுந்தால் வலப்பக்கம் ஓரடி. நூறு தடவை சுண்டியபின் அவர் எங்கே இருப்பார்? நூறடி தள்ளி இருக்கமாட்டார். முன்னே போனதில் பெரும்பகுதி பின்னே வந்ததில் கழிந்துவிடும். உத்தேசமாக, கிளம்பிய இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருப்பார். இருபதடி போக இருநூறு தடவை போதாது, நானூறு வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, தூரம் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்கு, அதாவது தூரத்தின் வர்க்கக் கணக்கு. வெப்பம் ஒரு ஆள் இல்லைதான், ஆனால் அது கைமாறும் விதம் இந்தக் கண்கட்டி நடையின் கணக்கிலேயே அடங்குகிறது.

எண்களைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மிகுந்த உணவில் வெப்பம் பரவும் வேகத்துக்கு ஒரு அளவு உண்டு: வினாடிக்கு சுமார் 0.14 சதுர மில்லிமீட்டர். வேகத்தைச் சதுரத்தில் சொல்வது விசித்திரமாக இருக்கும், அந்த வர்க்கம் ஒளிந்திருப்பதே அதில்தான். 5 செ.மீ. ஆழப் பாத்திரத்தில் மேலும் கீழும் சூடு வருவதால், நடுவுக்கு 25 மி.மீ. தூரம். அதன் வர்க்கம் 625. அதை 0.14 ஆல் வகுத்தால் 4,460 வினாடி, அதாவது ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உத்தேசக் கணக்குதான், ஆனாலும் குறிப்பில் இருக்கும் 50 நிமிடத்துக்கு மோசமில்லை. ஆழத்தை 10 செ.மீ. ஆக்கினால் இதே கணக்கு கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் காட்டும். ஓவன் காற்றிலிருந்து பாத்திரத்துக்குச் சூடு இறங்குவதிலும் தாமதம் இருப்பதாலும், பக்கவாட்டிலிருந்தும் கொஞ்சம் சூடு வருவதாலும் நிஜத்தில் முழு நான்கு மடங்கு ஆகாது. ஆனால் இரண்டு மடங்கு நிச்சயம் போதாது.

கடிதத்தைப் படித்தபின் நானும் வீட்டு ஓவனில் ஒரு ஆழக் கிண்ணம் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு வெப்பமானி, ஓரத்தில் ஒன்று. ஓரம் 90ஐத் தொட்டபோது நடு 40க்குப் பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கு எதுக்குடா ரெண்டு மிஷினு? ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பாத்தா தெரியாதா?" என்றார். தெரியும்தான்.

அம்மாவின் இட்லிப் பானையே இந்த வர்க்கக் கணக்குக்கு விடை. கல்யாணத்தில் நானூறு பேருக்கு இட்லி என்றால் யாரும் இட்லியைப் பெரிதாக்குவதில்லை, தட்டுகளை அடுக்குகிறார்கள். இட்லியின் தடிமன் மாறாததால் நான்கு பேருக்கானாலும் நானூறு பேருக்கானாலும் ஒரு ஈடு வேகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மாவு மெல்லிசாகப் பரவும் தோசை ஓரிரு நிமிடத்தில் வருவதும், ஊத்தப்பத்துக்கு மூடி போட வேண்டியிருப்பதும் இதே கதை. விதிவிலக்கு காஞ்சிபுரம் கோயில் இட்லி. மூங்கில் குடலைக்குள் இலை விரித்து மாவை ஊற்றி மணிக்கணக்கில் அவிப்பார்கள். அங்கே வர்க்கக் கணக்கு தண்டனையை முழுதாக வாங்கிக்கொள்கிறது, ஆனால் அரிசியும் உளுந்தும் அதைத் தாங்கும். ஓரம் நூறு டிகிரியில் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தாலும் மாவு தண்ணீர் விடாது. முட்டைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வெப்பம் பரவும் சமன்பாட்டை எழுதியவர் ஜோசஃப் ஃபூரியே. நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்த் திரும்பியவர். பிறகு கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தை நிர்வகித்த அதிகாரி, நம் ஊர்க் கலெக்டர் மாதிரி. அந்த வேலைகளுக்கு நடுவேதான் இரும்பு வளையத்தைச் சூடாக்கி அளந்துகொண்டிருந்தார். 1807இல் கட்டுரையைச் சமர்ப்பித்தபோது கணித மேதை லக்ராஞ்ஜ் போன்ற பெரிய தலைகளே ஏற்கவில்லை. நூலாக வந்தது 1822இல். இன்றைக்கு நம் கைபேசியில் வரும் படமும் பாட்டும் சுருக்கப்படும் கணிதம் அந்த வேலையிலிருந்து கிளைத்தது. வளையத்தைச் சூடாக்குவதால் நாட்டுக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு ஒரு குழு கேட்டிருந்தால்? 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்கும் உடனடிப் பயன் என்ன என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் நாட்டில் இருந்துகொண்டு இதை யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது.

இதே சமன்பாட்டை வைத்து 1862இல் இயற்பியலாளர் கெல்வின் பூமியின் வயதைக் கணக்கிட்டார். உருகிய நிலையிலிருந்து ஆறிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கேஸரோல்தான் பூமி என்று வைத்துக்கொண்டால், சுரங்கங்களில் ஆழம் போகப் போக எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதிலிருந்து அது எப்போது ஆற ஆரம்பித்தது என்று சொல்லிவிடலாம். அவருக்கு வந்த விடை 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள். உண்மையான வயது சுமார் 454 கோடி. கதிரியக்கம் அப்போது தெரியாததால் தவறினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய ஓட்டையை 1895இல் கண்டுபிடித்தவர் அவரிடமே உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி. பூமியின் உட்பகுதி அசையாமல் கிடக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள், மெதுவாகவாவது புரண்டு கலந்துகொண்டிருந்தால் கணக்கே மாறிவிடுமே என்றார். கலக்கினால் கண்கட்டி நடை தேவையில்லை, சூடு நேராகப் பயணம் செய்யும்.

வாசகிக்கு என் பதில் சுருக்கமானது. அடுத்த தடவை இரண்டு தட்டைப் பாத்திரம் எடுங்கள், ஒவ்வொன்றிலும் ஆழம் 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். ஓவனில் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் வைத்துப் பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள், நேரம் கொஞ்சம்தான் கூடும். கண்ணாடிப் பாத்திரமென்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஓவனுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விடலாம். நடு 71 டிகிரியைத் தாண்டினால் கிருமிப் பயமில்லை. பதம் வர இன்னும் பத்து டிகிரி தேவை. ஆட்டினால் நடு லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிடலாம், ஓரத்துச் சூடு உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும்.

அன்றைக்கு அந்தப் பச்சை நடுப்பகுதியை என்ன செய்தீர்கள் என்றும் கேட்டிருந்தேன். பதில் வந்தது. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கரண்டியால் அள்ளி வாணலியில் போட்டு, பச்சை மிளகாய் கிள்ளி, கிண்டு கிண்டென்று கிண்டி ஐந்தே நிமிடத்தில் பொடிமாஸ் ஆக்கிவிட்டாராம். பிள்ளைகள் ஓரத்து ரப்பரைத் தொடவில்லை, இன்னும் கொஞ்சம் பொடிமாஸ் இருக்கா என்றுதான் கேட்டார்களாம்.